கிணற்றுத் தண்ணீரில் யுரேனியம் இருந்தால் கீழே சுரங்கம் இருக்குமா?

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்த வாசகர் ஒருவர் அந்த அறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தார். யுரேனியம் என்ற வரிக்கு நேரே இருந்த எண், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. "அப்படியென்றால் எங்கள் தோட்டத்துக்கு அடியில் யுரேனியம் புதைந்து கிடக்கிறதா? நிலத்தை எடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்டிருந்தார்.

முதலில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்துங்கள். காய்ச்சினால் யுரேனியம் போகாது, ஆர்.ஓ. வடிகட்டி பெரும்பகுதியைப் பிடித்துவிடும். நிலத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தண்ணீரில் யுரேனியம் வருகிறது என்றால் அது பாறையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுரங்கம் தேடுகிறவர்களுக்கு வேண்டியது அது போய்ச் சேர்ந்து தங்கிய இடம்.

யுரேனியம் அபூர்வப் பொருள் இல்லை. பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறைக்கு இரண்டு மூன்று கிராம் உண்டு. கிரானைட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதல். நம் வீட்டுப் படிக்கட்டிலும் இருக்கிறது. இப்படிச் சிதறிக் கிடப்பதை யாரும் தோண்டி எடுக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று குவிந்திருக்க வேண்டும். குவிப்பது யார்? தண்ணீர்தான். அது குவிக்கும் விதம்தான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

காற்றோட்டமான, ஆக்சிஜன் கலந்த நீர் பாறையில் படும்போது யுரேனிய அணு ஆறு எலெக்ட்ரான்களை இழந்த நிலைக்குப் போகிறது. அந்த நிலையில் நீரிலுள்ள கார்பனேட்டோடு கைகோத்துக்கொண்டு சர்க்கரை போலக் கரைந்து ஓடுகிறது. போகிற வழியில் மட்கிய மரம், கந்தகம் கலந்த இரும்புத் தாது என்று ஆக்சிஜனை விழுங்கும் எதையாவது அந்த நீர் சந்தித்தால் கதை மாறுகிறது. யுரேனியம் இரண்டு எலெக்ட்ரான்களைத் திரும்பப் பெறுகிறது. நான்கு எலெக்ட்ரான்களை மட்டும் இழந்த யுரேனியம் தண்ணீரில் கரையாது; அந்த இடத்திலேயே கறுப்பாகப் படிந்துவிடுகிறது. பின்னால் வரும் நீரும் அதே இடத்தில் தன் சுமையை இறக்குகிறது. இப்படியே லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்தால் அங்கே தாது தயார்.

கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளைப் பார்த்திருப்பீர்கள். கவிழ்த்துச் சுட்டதால் காற்று படாத உள்பக்கமும் வாயும் கறுப்பு, காற்று பட்ட வெளிப்பக்கம் சிவப்பு. ஆக்சிஜன் கிடைத்த இரும்பு சிவக்கிறது, கிடைக்காதது சிவப்பதில்லை. பானையின் கழுத்தருகே சிவப்பு முடிந்து கறுப்பு தொடங்கும் அந்தக் கோட்டை ஒரு மணற்கல் படுகையின் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் சிவந்த மணற்கல், மறுபக்கம் சாம்பல் நிற மணற்கல், நடுவே பிறை வடிவில் யுரேனியம். கஜகஸ்தானின் பெரும் படிவுகள் இப்படிப்பட்டவை. அதனால்தான் புவியியலாளர் ஒரு நிலப்பகுதியில் கால் வைத்ததும் பாறையின் நிறத்தைப் பார்க்கிறார். நிறம் எங்கே மாறுகிறது என்று தேடுகிறார்.

பாறையின் வயதும் முக்கியம். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை பூமியின் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். அப்போது யுரேனியத் தாது ஆற்றில் கரையாமல் கூழாங்கல்லோடு உருண்டது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கத்தோடு கிடைப்பது அந்தப் பழைய ஆற்று யுரேனியம். ஆக்சிஜன் வந்த பிறகே கரைந்து பயணம் போகும் வேலை தொடங்கியது. ஆகவே பாறையின் வயது தெரிந்தால் அங்கே எந்த வகைப் படிவைத் தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் கடப்பா படுகை. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில், நாகார்ஜுனசாகர் அருகே லம்பாபூர் என்ற இடம். அடியில் சராசரியைவிட யுரேனியம் கூடுதலாக உள்ள மிகப் பழைய கிரானைட். அதன் மேல் தட்டையான மூடி போல ஸ்ரீசைலம் குவார்ட்சைட் என்ற இறுகிப்போன மணற்பாறை. இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பை ஒட்டித்தான் தாது. அதேபோன்ற அமைப்புள்ள இடத்தில் துளையிட்டு எடுத்த பாறை உருளை ஒன்றை ஒருமுறை பெட்டியில் வைத்துக் காட்டினார்கள். இளஞ்சிவப்புக் குவார்ட்சைட் உருளை, அதை ஒட்டிப் பச்சை பாய்ந்து உளுத்துப்போன கிரானைட். சேருமிடத்தில் விரலை வைத்தேன். கிரானைட் உருவானதற்கும் அதன் மேல் மணல் படிந்ததற்கும் இடைப்பட்ட பல கோடி ஆண்டுகள் என் விரல் நகத்தின் அகலத்துக்குள் காணாமல் போயிருந்தன. கதிர்வீச்சை அளக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுவந்தபோது அந்தக் கோட்டுக்கு மேலே அமைதி, கோட்டில் மழை விழுவது போலச் சத்தம்.

அதே படுகையின் இன்னொரு ஓரத்தில் ஆந்திராவின் தும்மலப்பள்ளி. அங்கே தாது, சுண்ணாம்புக்கல்லின் உறவான டோலமைட் பாறைக்குள் இருக்கிறது. டன்னுக்கு அரை கிலோகூடத் தேறாது. கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் டன்னுக்கு நூறு கிலோவுக்கும் மேல்! டோலமைட் அமிலத்தைக் குடித்துத் தீர்த்துவிடும் என்பதால் தும்மலப்பள்ளியில் காரத்தைக் கொண்டு பிரிக்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது என்பதோடு எந்தப் பாறையில் இருக்கிறது என்பதும் மதிப்பீட்டில் சேரும்.

விமானத்தில் பறந்து காமா கதிரை அளந்தால் போதாதா என்று கேட்பார்கள். அளக்கிறார்கள். ஆனால் கருவி பார்ப்பது யுரேனியத்தை அல்ல, அதன் பேரப்பிள்ளை வரிசையில் வரும் பிஸ்மத்-214 வெளியிடும் 17.6 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் கதிரை. தோரியத்துக்கு அடையாளம் 26.1 லட்சம், கன்னியாகுமரிக் கடற்கரை மணல் பலமாகக் காட்டுவது இதைத்தான். அரை மீட்டர் மண் மூடியிருந்தாலே கதிர் வெளியே வராது. இன்னொரு சிக்கலும் உண்டு. யுரேனியம் கரைந்து போனபின் அது பெற்ற ரேடியம் மட்டும் பாறையில் தங்கிவிடலாம். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். கருவி சத்தம் போடும், யுரேனியம் இருக்காது. கடைசியில் துளை போட்டு, பாறை உருளையை எடுத்து, ஆய்வகத்தில் நேரடியாக அளந்தால்தான் உறுதி.

அந்தத் துளைதான் சண்டையாகவும் மாறுகிறது. 2019-ல் நல்லமலைக் காட்டில் யுரேனியம் தேடும் ஆய்வுக்கு எதிர்ப்பு கிளம்பி, செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றமே யுரேனியச் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. செஞ்சு பழங்குடிகளும் புலிகளும் வாழும் காடு. எதிர்த்ததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுத்தியலும் திசைகாட்டியும் கொண்டு நடந்தே வரைபடம் போடும் ஆரம்ப வேலைக்கு ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை, செலவும் குறைவு. கல்லூரிப் புவியியல் துறைகளுக்கு அந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுங்கள். கிடைத்த வரைபடத்தை அந்தந்த ஊர் மக்களிடம் அவர்கள் மொழியிலேயே விளக்குங்கள். உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதைப் பார்த்து முந்நூறு அடி துளை போடுகிற வழக்கம் இன்னும் போகாததற்கு, நம் காலடிப் பாறையை யாரும் நமக்குச் சொல்லித் தராததும் ஒரு காரணம்.

வாசகரின் தோட்டத்துக்கு வருகிறேன். அவர் ஊரில் கிரானைட் திறந்தே கிடக்கிறது. மேல் மூடியும் இல்லை, யுரேனியத்தை நிறுத்திவைக்கும் கறுப்புப் பாறையும் இல்லை. கரைந்த யுரேனியம் ஓடையோடு சேர்ந்து கடல் பக்கம் போகிறது. கடல்நீரிலும் ஆக்சிஜன் உண்டு என்பதால் அங்கேயும் கரைந்தே இருக்கும், டன்னுக்கு மூன்று மில்லிகிராம் என்ற கணக்கில். கருங்கடலின் அடிச்சேறு போல ஆக்சிஜன் எட்டாத இடங்களில் மட்டும் அது இன்றைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துகொண்டிருக்கிறது.