ஸ்கோப்: குறிநோக்கி

ரைஃபிளின் மேல் பொருத்தி, தூரத்து இலக்கைப் பெரிதாகக் காட்டி, குண்டு போய்ச் சேரும் இடத்தைத் திருகு வைத்துச் சரிசெய்ய உதவும் குழல். சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கே கையில் கொடுக்கும் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியிலேயே 1.5 மடங்கு ஸ்கோப் ஒன்று சேர்ந்தே வருகிறது. நெடுந்தூர வேட்டைக்கான ஸ்கோப் வேறு ரகம்.

பிறப்பு: கிரேக்கத்தில் 'ஸ்கோபெய்ன்' என்றால் பார்த்தல். 'ஸ்கோபோஸ்' என்ற சொல், காவல் நின்று பார்ப்பவனையும் குறித்தது, அவன் அம்பு எய்யும் இலக்கையும் குறித்தது. 1611-இல் ரோமில் கலிலியோவுக்கு நடந்த விருந்தில்தான் அவருடைய கருவிக்கு 'டெலஸ்கோப்' என்ற பெயர் சூட்டப்பட்டது. அதன் வால்தான் துப்பாக்கியின் மேல் ஒட்டிக்கொண்ட 'ஸ்கோப்'.

தமிழில்: தொலைநோக்கி என்று எழுதுவோர் உண்டு. ஆனால் அது வானம் பார்க்கவும் பறவை பார்க்கவும் ஏற்பட்ட சொல். உள்ளே குறிவைக்கக் குறுக்குக்கோடு இருப்பதை அது சொல்லாது. குறிநோக்கி பொருத்தம். குறி சொல்பவர் நினைவுக்கு வந்தால் 'இலக்குநோக்கி' என்று வைத்துக்கொள்ளலாம். உறுப்புகளுக்குப் பள்ளி இயற்பியல் சொற்களே போதும்: முன்னால் பொருளருகு வில்லை, பின்னால் கண்ணருகு வில்லை.

தேர்ந்தெடுக்க: 4-16x44 என்று எழுதியிருந்தால் உருப்பெருக்கம் 4 முதல் 16 மடங்கு, பொருளருகு வில்லையின் விட்டம் 44 மி.மீ. பலரும் முதலில் ஏமாறுவது பெரிய எண்ணில்தான். 44-ஐ 16-ஆல் வகுத்தால் 2.75, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அவ்வளவு மி.மீ.தான். அந்தி மங்கலில் கண்ணின் பாவை 5 மி.மீ.க்கும் மேல் விரியும். மான் புல்வெளிக்கு வரும் நேரத்தில் 16 மடங்கு வைத்தால் படம் இருண்டுபோகும். 7 அல்லது 8 மடங்குக்குக் குறைத்தால் அதே ஸ்கோப் தெளியும். 30 மி.மீ. குழல் கூடுதல் ஒளி தரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். தடித்த குழலின் பயன், திருகுக்கு உள்ளே கிடைக்கும் கூடுதல் இடம்.

அந்த இடம் எதற்கு? 100 மீட்டரில் சரிபார்த்த .308 (அங்குலத்தில் குண்டின் விட்டம்) ரைஃபிளின் குண்டு 500 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் தாழும். அதை ஈடுகட்டத் திருகின் ஒவ்வொரு 'கிளிக்'கும் ஒரே அளவாக நகர வேண்டும். மில், எம்ஓஏ இரண்டும் கோண அளவுகள்; 0.1 மில் கிளிக் என்றால் 100 மீட்டரில் 1 செ.மீ., 500-இல் 5 செ.மீ. குறுக்குக்கோட்டில் மில் அளவும் திருகில் எம்ஓஏ அளவும் உள்ள கலப்பு ஸ்கோப்பை ஒதுக்குங்கள். களத்தில் கணக்குப் போட நேரம் இருக்காது. திருகைத் தொடாமல், கோட்டில் உள்ள அளவுக் குறிகளை வைத்தே உயர்த்திச் சுடுபவருக்கு முதல் குவியத் தள ஸ்கோப் வேண்டும். அதில் குறுக்குக்கோடும் படத்தோடு சேர்ந்தே பெரிதாவதால், எந்த மடங்கிலும் குறிகள் காட்டும் அளவு மாறாது. கோடு பெரிதாகாத இரண்டாம் குவியத் தள ஸ்கோப்பில் பெரும்பாலும் உச்ச மடங்கில் மட்டுமே அது சரி.

அதிகம் கவனிக்கப்படாதது பாரலாக்ஸ், நம் பாடநூல்களின் 'இடமாறு தோற்றப் பிழை'. இலக்கின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் விழாவிட்டால், கண் சற்று நகர்ந்தாலும் கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரியும். சோதிப்பது எளிது: குண்டில்லாத துப்பாக்கியை மணல் மூட்டையில் கிடத்தி, அதைத் தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கோடு ஆடினால் பக்கவாட்டுக் குமிழைத் திருப்புங்கள், ஆட்டம் நிற்கும்வரை. குமிழில் பொறித்த மீட்டர் எண் வெறும் வழிகாட்டி. அதற்கு முன் கண்ணருகு வில்லையைத் திருப்பிக் கோடு கூர்மையாகத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் படத்தைத் தானே சமாளித்துக்கொண்டு உங்களை ஏமாற்றும்.

நல்ல ஸ்கோப்பையும் பொருத்துகிற விதம் கெடுக்கும். குழலைப் பிடிக்கும் வளையங்களின் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். தயாரிப்பாளர் தரும் எண்ணே இறுதி. மிஞ்சினால் குழல் நசுங்கித் திருகு சிக்கும். வளையங்களைத் தாங்கும் அடிப்பீடம் தளர்ந்தால் குறி தினமும் வேறிடம் போகும், பழி ஸ்கோப்பின் மேல் விழும். துப்பாக்கி 3 பாகை சாய்ந்தாலே, மேற்சொன்ன 500 மீட்டரில் குண்டு பக்கவாட்டில் ஏறக்குறைய 10 செ.மீ. விலகும்; பொருத்தும்போதே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 9 செ.மீ. அளவாவது இருக்கட்டும். குறைந்தால் பின்னுதைப்பில் புருவம் பிளக்கும்.

சிங்கப்பூரில் வேட்டைக்கு இடமில்லை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று போகிறவர்களுக்குத்தான் இது பயன்படும். அங்கே வாங்கிய ஸ்கோப்பைக் கையோடு கொண்டு வருவதற்கு முன், காவல்துறையின் உரிமப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். துப்பாக்கி இல்லை, உதிரிப்பாகம்தானே என்ற வாதம் சாங்கி விமான நிலையத்தில் எடுபடாது.