கடலிலிருந்து கடலுக்கு: புறப்படும் முன் வெளிச்சத்தைக் கணக்குப் பாருங்கள்

திருச்சியில் சுற்றுலா வண்டி ஓட்ட ஆரம்பித்து 23 வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் ஸ்டியரிங் பிடிப்பதைவிட, போகிறவர்களுக்கு வழி போட்டுக் கொடுக்கும் வேலைதான் அதிகம். மார்கழி பிறந்துவிட்டால் வாரத்துக்கு நாலு பேராவது போன் பண்ணி ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "அண்ணா, கோடியக்கரையில் சூரிய உதயம் பார்த்துட்டு, வால்பாறை வழியா கேரளா போய், அந்தப் பக்கக் கடலில் அஸ்தமனம் பார்க்கணும். ரெண்டு நாளில் முடியுமா?"

கேட்கவே ஆசையாகத்தான் இருக்கிறது. வங்கக் கடலில் எழுந்த சூரியனை அரபிக் கடலில் இறக்கிவிட்டு வருவது வாழ்க்கையில் ஒரு தடவையாவது செய்ய வேண்டிய பயணம். வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையில் தொடங்கி மன்னார்குடி, தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி, வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி வழியாகக் கொடுங்கல்லூர் கடற்கரை வரை ஏறக்குறைய 600 கிலோமீட்டர். 'ஒரே நாளில் ஓட்டிவிடலாம்' என்று போனில் இருக்கும் வரைபடம் சொல்லும். அதற்குச் சாலையின் நீளம் தெரியும். காட்டுச் செக்போஸ்ட் எத்தனை மணிக்கு மூடும், கொண்டை ஊசி வளைவில் எப்போது பனிமூட்டம் இறங்கும், யானை எப்போது சாலைக்கு வரும் என்பதெல்லாம் தெரியாது. இந்த வழிக்கு 5 நாள் வையுங்கள், முடியவே முடியாதென்றால் 4. அதற்கும் குறைவாகக் கேட்பவர்களுக்கு நான் வழி போட்டுத் தருவதில்லை.

இப்படிப் பிடிவாதமாகச் சொல்வதற்கு என் வண்டியிலேயே நடந்த ஒரு சம்பவம் காரணம். பல வருஷம் முன்பு ஒரு ஜனவரி மாதம். பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர் உட்பட ஆறு பேர் கொண்ட குடும்பம். காலையில் பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு மதியத்துக்குள் மலை ஏறுவதாகப் பேச்சு. தரிசன வரிசை நீண்டுகொண்டே போனது. ஆழியாறு வந்து சேரும்போது மணி நாலரை. அங்கேயே தங்கியிருக்க வேண்டும். ரூமுக்குப் பணம் கட்டிவிட்டோமே என்று அவர்கள் தயங்கினார்கள், நானும் சரி என்று ஏற்றிவிட்டேன். அட்டகட்டி தாண்டியதுமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. பானெட்டுக்கு முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. சின்னக் குழந்தை வாந்தி எடுத்து ஓய்ந்து பாட்டி மடியில் கிடந்தது. வால்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் எதிரே வந்த எஸ்டேட் ஜீப்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "லைட்டை இறக்குங்க, ஹாரன் அடிக்காதீங்க, ரோட்டிலேயே நிக்குது" என்றார். முக்கால் மணி நேரம் வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. யானை கண்ணில் படவே இல்லை. மூங்கில் முறியும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் எல்லோரும் அசதியில் தாமதமாக எழுந்தோம். மளுக்கப்பாறை செக்போஸ்ட்டில் நேரமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பம் அரபிக் கடலைப் பார்க்காமலே ஊர் திரும்பியது. தப்பு என்னுடையது. ஆழியாறில் நான்தான் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும்.

அதனால் திட்டம் போட உட்காரும்போது முதலில் குறிக்க வேண்டியது வெளிச்சம். டிசம்பர், ஜனவரியில் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மலையில் இன்னும் சீக்கிரம். காட்டுச் சாலையில் நீங்கள் இருக்கும் நேரம் முழுவதும் காலை 7 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுவில் அடங்கும்படி மற்ற ஊர்களைப் பின்னோக்கி அடுக்கிக்கொண்டு வாருங்கள்.

முதல் நாள் பகலிலேயே வேதாரண்யம் போய்த் தங்கிவிடுங்கள். மறுநாள் விடியும் முன் கோடியக்கரை. கிழக்கே பார்த்து நீண்டு வரும் கரை சட்டென்று மேற்கே மடங்கும் முனை அது. வங்கக் கடலும் பாக் நீரிணையும் அங்கேதான் சேருகின்றன. சரணாலயத்துக்குள் வெளிமான்கள் கூட்டமாக மேயும். முறுக்கிய கொம்போடு கருத்த கிடா ஒன்று நின்று திரும்பிப் பார்த்தால் எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே இருங்கள். இறங்கினால் ஓடிவிடும். மட்டக்குதிரைகளும் திரியும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சதுப்பு நிலத்தில் பூநாரைகள் நிற்கும். எந்தப் பக்கம் நிற்கிறது என்பது தண்ணீரின் அளவைப் பொறுத்து மாறும், வனத்துறை ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜனவரி முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். கடற்கரையில் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு நடக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

நவம்பரில் போகிறவர்கள் வானிலை அறிக்கையை நாள் தவறாமல் பாருங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தது இந்த வட்டாரத்தில்தான். தென்னையும் மாமரமும் சாய்ந்து கிடந்த வேதாரண்யத்தைப் பார்த்தவன் நான். புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்றாலே ரூமை ரத்து செய்துவிடலாம், பணம் போனாலும் பரவாயில்லை.

டெல்டா சாலையில் தை மாதம் ஒரு தொந்தரவு உண்டு. அறுவடை நேரத்தில் நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள். அவர்களுக்குக் களம் கிடைக்கவில்லை, கோபப்பட்டுப் பயனில்லை. நெல்மேல் பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும். வைக்கோல்மேல் ஏற்றினால் அது அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் தீப்பிடிக்கும். வைக்கோல் ஏறிவிட்டதென்றால் ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்து, குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

தஞ்சாவூரிலிருந்து பொள்ளாச்சி வரை நல்ல சாலை, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் நடுவில் மட்டும் கவனம். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரியில்தான் நடப்பார்கள், அசதியில் கால் சாலைக்குள் வந்துவிடும். அந்தக் காலத்தில் இந்தப் பகுதியை இரவில் கடக்கவே வேண்டாம். பகலிலும் 50-க்கு மேல் போகாதீர்கள்.

மலை ஏறும் முந்தின ராத்திரி பொள்ளாச்சியிலோ ஆழியாறிலோ தங்குங்கள். இப்போது வால்பாறைக்கு இ-பாஸ் வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். செக்போஸ்ட்டில் நின்று போனைத் துழாவாமல் முந்தின நாளே எடுத்து வையுங்கள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூரி சாப்பிட்டுவிட்டு மலை ஏறிய குழந்தைகள் பத்தாவது வளைவைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. ஆனால் எதிரே பஸ் இறங்கினால் உரிமை பேசாதீர்கள், அது வளைவை முழுசாக அடைத்துக்கொண்டுதான் திரும்பும். கீழேயே நின்று விடுங்கள். இதே வழியில் இறங்கித் திரும்புகிறவர்கள் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் இருபது வளைவுக்குள் கருகல் வாடை வரும். வாடை வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க் வளைந்துவிடும்.

ஒன்பதாவது வளைவில் ஒரு காட்சிமுனை இருக்கிறது. கீழே ஆழியாறு அணை கண்ணாடித் துண்டு போலக் கிடக்கும். நம் மாநில விலங்கான வரையாடு அங்கே கைப்பிடிச் சுவர் ஓரம் வரை வந்து நிற்கும். மேலே வால்பாறையை நெருங்கினால் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குக் கூட்டம். உலகத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். ஒரு தடவை எனக்கு முன்னால் நின்ற காரின் ஜன்னலில் ஒரு தாய்க் குரங்கு தொங்கிக்கொண்டிருந்தது, வயிற்றில் குட்டி. உள்ளே இருந்த சிறுமி சிப்ஸ் ஒவ்வொன்றாக நீட்ட, அது வாங்கி வாயில் அடக்கிக்கொண்டே இருந்தது. பாக்கெட் தீர்ந்ததும் கார் நகர்ந்தது. குரங்கு குதித்துச் சாலை நடுவில் உட்கார்ந்து அடுத்த காருக்காகக் காத்திருந்தது. மரத்தை விட்டு இறங்காமல் வாழ வேண்டிய பிராணி அது. சாலையில் உட்காரப் பழகிய குரங்கு ஒருநாள் சக்கரத்தில்தான் போய் முடியும். குழந்தை அன்பாகத்தான் கொடுக்கிறாள், தெரியும். ஜன்னலை ஏற்றிவிட்டு ஏன் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லுங்கள். சொன்னால் குழந்தைகள் நம்மைவிட நன்றாகக் கேட்டுக்கொள்வார்கள்.

யானையைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் வால்பாறை சாலையில் யானை நின்றபோது, இரு பக்கமும் வண்டிகள் காத்திருக்க, பைக்கில் வந்த ஜெர்மன் நாட்டுப் பயணி ஒருவர் அதைத் தாண்டிப் போகப் பார்த்தார். யானை தாக்கி இறந்துபோனார். மளுக்கப்பாறைக்கு அந்தப் பக்கம் 'கபாலி' என்று பேர் வைத்திருக்கும் கொம்பன் யானை விஷயம் வேறு. 2022 நவம்பரில் அது ஒரு தனியார் பஸ்ஸுக்கு எதிரே நடந்து வந்தது. பஸ் ஓட்டுநர் பயணிகளோடு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே ஓட்டினார். அந்தக் குறுகலான சாலையில் பஸ்ஸை எட்டு கிலோமீட்டர் பின்னால் எடுப்பது என்ன வித்தை என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அவர் ஹாரன் அடிக்கவில்லை, முட்டிக்கொண்டு நிற்கவில்லை, யானைக்கு வழி விட்டார். அத்தனை பேரும் வீடு சேர்ந்தார்கள்.

யானை தெரிந்தால் தூரத்திலேயே நில்லுங்கள், எஞ்சின் ஓடட்டும், பின்னால் வருகிற வண்டிக்கும் நகர இடம் விடுங்கள். காதை விரித்து உங்களைப் பார்த்து நின்றுவிட்டது என்றால் மெல்லப் பின்னால் எடுங்கள். போட்டோ எடுக்க இறங்கவே கூடாது. வால்பாறையில் இருட்டிய பிறகு மேட்டில் சிவப்பு விளக்கு மின்னினால் அந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று அர்த்தம். தோட்டத் தொழிலாளர்களுக்காக வைத்த ஏற்பாடு அது, உங்களுக்கும் உதவும்.

மறுநாள் காலை வால்பாறையிலேயே டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் பங்க் கிடையாது, பெரும்பாலான இடத்தில் சிக்னலும் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். கேரள வனத்துறைச் செக்போஸ்ட்டில் வண்டி நம்பரையும் பிளாஸ்டிக் பாட்டில் எத்தனை என்பதையும் குறித்துக்கொண்டு, நேரம் போட்டுச் சீட்டுத் தருவார்கள். அந்தப் பக்கம் வாழச்சாலில் சரிபார்ப்பார்கள். மூடும் நேரத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே முந்தின நாள் தங்கும் விடுதியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே இறக்கைச் சத்தம் ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போலக் கேட்டால் இருவாச்சி பறக்கிறது என்று பொருள். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வழியில் மெதுவாகப் போகலாம். சோலையாறு தாண்டி, வாழச்சால் கடந்து, அதிரப்பள்ளியில் 80 அடி உயரத்திலிருந்து சாலக்குடி ஆறு விழுவதைப் பார்க்கும்போது பசி தெரியும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் வெயில் சாயக் கடற்கரை.

கொடுங்கல்லூர் சங்கப் பாடல்களில் வரும் முசிறித் துறைமுகம் இருந்த வட்டாரம். அழீக்கோட்டில் முனக்கல் கடற்கரை. பெரியாறு கடலில் சேரும் முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. அலைத்தடுப்புச் சுவருக்கு அருகில் இறங்க வேண்டாம், இழுப்பு பலமாக இருக்கும். பொதுவாகவே, சுற்றிலும் அலை உடைந்துகொண்டிருக்க ஒரு இடத்தில் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால் அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் போகிறது. குழந்தைகளை அங்கே இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை வந்தால் மணலில் நிற்பதுகூட ஆபத்து. உள்ளூரில் காற்றும் மழையும் இருக்காது. எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பிய அலை திடீரென்று ஏறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் போனார்கள். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது.

வண்டியைப் பற்றி ஒன்று. ஓட்டிப் போக வாடகைக்கு எடுப்பதென்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். டிரைவரோடு எடுத்தால் மஞ்சள் பலகை, கேரளாவுக்குள் போகப் பர்மிட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். விலை குறைவு என்று யாருடைய சொந்த வண்டியையோ வெள்ளைப் பலகையோடு வாடகைக்கு எடுத்தால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் கைவிரித்துவிடுவார்.

திரும்பி வரும்போது அதே காட்டுவழி வேண்டாம். சாலக்குடியிலிருந்து திருச்சூர், பாலக்காடு, கோயம்புத்தூர் என்று கணவாய் வழியாக நாலுவழிச் சாலை இருக்கிறது, குதிரான் சுரங்கப்பாதையும் திறந்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோவை. திருச்சிக்காரர்கள் காங்கேயம், கரூர் வழியாக விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்துவிடலாம்.