வரைந்தவரே சொல்லட்டும்

"எனக்குப் படம் வரையவே வராதுங்க." உளசிகிச்சைக்கு வரும் பெரியவர்களிடம் நான் காகிதத்தையும் கிரேயான் டப்பாவையும் நீட்டியதும் அவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான். உளசிகிச்சையில் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குச்சி மனிதன் போதும், கிறுக்கலும் போதும். சிலரைப் பழக்கமில்லாத கையால் வரையச் சொல்வேன். அழகாக வர வேண்டுமே என்ற கவலை அப்போதே பாதி போய்விடும்.

'ஒரு மாதிரியா இருக்கு' என்பதைத் தாண்டி வார்த்தை கிடைக்காமல் தவிப்பவர்கள் நிறையப் பேர். உணர்ச்சியை இனம்கண்டு சொல்வதே பெரும் சிரமமாக இருக்கும் நிலைக்கு 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் அலெக்சிதைமியா என்று பெயர் வைத்தார். இவர்களிடம் "என்ன உணர்கிறீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அது வாய்மொழித் தேர்வு போலாகிவிடும். "அந்தக் கனம் உடம்பில் எங்கே இருக்கு? என்ன நிறம்? ஓரம் கூர்மையா, மழுங்கலா?" என்று கேட்டால் கை தானாகக் காகிதத்துக்குப் போகும்.

ஒருவர் தாள் முழுக்கக் கறுப்பைத் தேய்த்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கிரேயான் உடைந்தது, உடைந்த துண்டாலேயே தொடர்ந்தார். யார் பார்த்தாலும் மனச்சோர்வு என்றுதான் சொல்வார்கள். "இது எந்த இடம்?" என்று மட்டும் கேட்டேன். "ராத்திரி. எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம். அப்பதான் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க." அவருக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அந்தக் கறுப்பு. பகலில் யார் யார், எதற்கெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பேசவே மீதி நேரம் சரியாக இருந்தது.

படத்துக்கு நாமே அர்த்தம் சொல்லும் ஆசை பொல்லாதது. 1960களில் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மனித உருவப் படங்களையும் மனநோய் அறிகுறிகளையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதபடி ஜோடி சேர்த்து மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். மாணவர்களோ கண்ணை வித்தியாசமாக வரைந்தவர் பிறரைச் சந்தேகப்படுபவர் என்பது போல, நிபுணர்கள் சொல்லிவந்த அதே தொடர்புகளை அதில் 'கண்டுபிடித்தார்கள்'. இருந்தும் கறுப்பு என்றால் சோகம் என்று அட்டவணை போடும் பதிவுகள் இன்றும் சுற்றுகின்றன. எனக்கு அவற்றைக் கண்டால் எரிச்சல்தான்.

எதைக் கொண்டு வரைகிறோம் என்பதும் முக்கியம். பென்சில் கைக்கு அடங்கும், நீர்வண்ணம் ஓடிப்போகும். ஏற்கெனவே கொந்தளிப்பில் இருப்பவரிடம் நீர்வண்ணத்தைக் கொடுக்கத் தயங்குவேன். கொடூரமான அனுபவத்தைக் கடந்து வந்தவரிடம் அந்தக் காட்சியை எடுத்த எடுப்பில் வரையச் சொல்லவே கூடாது. முதலில் பாதுகாப்பாகத் தோன்றும் ஒரு இடம், அப்புறம் மெதுவாக மற்றது. கண்ணை மூடினால் எந்தப் படமும் தோன்றாதவர்களும் உண்டு. 'கற்பனை செய்யுங்கள்' என்று அவர்களை வற்புறுத்தாமல் நேராகத் தாளைக் கொடுத்துவிடலாம்.

குழந்தை வரைந்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கும் பெற்றோரிடம், பக்கத்தில் உட்கார்ந்து "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள் என்பேன். 'ஏன் அப்பாவை இவ்வளவு சின்னதா வரைஞ்சே?' என்ற கேள்வி வேண்டாம். தாளில் இடம் போதாமலும் இருந்திருக்கலாம்.

சிகிச்சையில் வரைந்த படம் பேசிய பேச்சைப் போலவே ரகசியம். அதை யாருக்குக் காட்டுவது, வீட்டுக்கு எடுத்துப்போவதா, கிழித்துப்போடுவதா என்பதை வரைந்தவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.