"கார்ட்டூன்தானே" என்று விட்டுவிடாதீர்கள்

போன மாதம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். சின்ன வயதிலிருந்தே திக்குவாய். பேச்சுப் பயிற்சி எடுத்து நன்றாகத் தேறி வந்தவன், திடீரென்று வகுப்பில் வாயே திறப்பதில்லை. காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "பிரசென்ட் மிஸ்" சொல்ல வேண்டும். அந்த முதல் எழுத்தை அவன் தாண்டுவதற்குள் பின் பெஞ்சிலிருந்து "ஜிம்மி" என்று ஒரு குரல் வரும். வகுப்பே சிரிக்கும். அதனால் கையை மட்டும் தூக்க ஆரம்பித்திருக்கிறான். டீச்சர் கவனிக்காத இரண்டு நாள் ஆப்சென்ட் விழுந்தது. விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

நாய்க்கு வைக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அம்மா நினைத்திருந்தார். அது இல்லை. 'சவுத் பார்க்' என்ற அமெரிக்கத் தொடரில் ஊன்றுகோலோடு நடக்கிற, திக்கித் திக்கிப் பேசுகிற ஒரு பையனின் பெயர் ஜிம்மி.

இரண்டு வாரம் கழித்து, அந்தப் பெயரை வைத்த பையனும் அவன் பெற்றோரும் வந்தார்கள். பள்ளிக்கூடம் அனுப்பியிருந்தது. அப்பா சொன்ன முதல் வார்த்தை: "கார்ட்டூன்ல வர்ற பேருதானே மேடம்?" இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வார்த்தைதான். (இரு குடும்பங்களின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கானது என்று யார் சொன்னது? படம் வரைந்து எடுப்பது ஒரு முறை, அவ்வளவுதான். அந்த முறையில் பாப்பா பாட்டும் எடுக்கலாம், பெரியவர்களுக்கான ஆபாச நகைச்சுவையும் எடுக்கலாம். 'சவுத் பார்க்' 1997 ஆகஸ்டில் 'காமெடி சென்ட்ரல்' சேனலில் தொடங்கியது. ட்ரே பார்க்கர், மேட் ஸ்டோன் இருவரும் உருவாக்கியது. காகிதத்தை வெட்டி ஒட்டியது போன்ற உருவங்கள். குல்லாய் போட்ட நாலு பள்ளிச் சிறுவர்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். ஹாலைக் கடந்து போகிற அம்மா ஒரு நொடி திரையைப் பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் தொடரின் தொடக்கத்திலேயே, இதை யாருமே பார்க்கக் கூடாது என்று எழுதிக் காட்டுகிறார்கள். வேடிக்கையாகப் போட்டதுதான். அந்த அட்டையை என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், பெற்றோர் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் டிவி நிகழ்ச்சிகளுக்குப் போடும் வயதுக் குறிப்பில் இதற்கு டிவி-எம்ஏ. பெரியவர்களுக்காக எடுக்கப்பட்டது, 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதாக இல்லாமல் இருக்கலாம் என்று அர்த்தம். 'கார்ட்டூன்' என்று தனி விலக்கு எதுவும் அதில் கிடையாது.

சென்சார் பார்த்துத்தானே விட்டிருப்பார்கள் என்கிறீர்களா? தியேட்டர் படத்துக்குத்தான் அந்தச் சான்றிதழ். ஓடிடி நிறுவனங்கள் தங்கள் நிகழ்ச்சிகளுக்குத் தாங்களே வயது குறிக்கின்றன. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்படி யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று ஐந்து வகை. 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி கொடுத்தாக வேண்டும். கொடுத்துத்தான் இருக்கிறார்கள். அதைப் போடாதது நாம்தான்.

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறேன்: "அதைப் பார்த்து இங்கிலீஷ் நல்லா பேசறான் மேடம்." தமிழில் ஒரு கெட்ட வார்த்தை வந்தால் வீடே அதிர்கிறது. அதையே ஆங்கிலத்தில் சொன்னால் நமக்குக் காதில் உறைப்பதில்லை.

ஆனால் கெட்ட வார்த்தையை எண்ணிக்கொண்டு இருப்பதும் தப்பு. கெட்ட வார்த்தை பள்ளி வேனிலேயே கிடைக்கும். நான் பார்ப்பது வேறு: இந்த நகைச்சுவை யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது, அது இந்தப் பிள்ளைக்குப் புரிகிறதா?

2005-இல் இந்தத் தொடரில் ஒரு கதை வந்தது. கார்ட்மேன் என்ற பையன், செம்பட்டை முடி உள்ளவர்களுக்கு ஆன்மாவே கிடையாது என்று வகுப்பில் பேசுவான். பாடம் புகட்ட நினைத்த நண்பர்கள், அவன் தூங்கும்போது அவனையே செம்பட்டை முடிக்காரன் போல மாற்றிவிடுவார்கள். பிறப்பால் வந்த ஒன்றை வைத்து ஒருவரை ஒதுக்குவது எத்தனை முட்டாள்தனம் என்பதுதான் கதை. அப்புறம் என்ன நடந்தது? செம்பட்டை முடிக்காரர்களை உதைக்கும் நாள் என்று ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு பரவியது. 2009 நவம்பரில் கலிஃபோர்னியாவின் கலபாசஸ் ஊரில் 12 வயதுப் பையன் ஒருவனைச் சக மாணவர்கள் பள்ளியிலேயே அடித்தார்கள். அந்த அழைப்புக்கு மூலம் இந்தத் தொடர்தான் என்று அங்கே போலீஸார் சொன்னார்கள். ஒதுக்குதலைக் கிண்டல் செய்த கதை, அடிப்பதற்குச் சாக்காக மாறிவிட்டது.

12, 13 வயதில் இது நடக்கத்தான் செய்யும். சொல்வது ஒன்று, குறிப்பது வேறொன்று என்று பிரித்துப் பார்க்கும் திறமை அப்போதுதான் முளைவிடுகிறது. அதுவும் இந்தத் தொடரின் ஒரு பகுதியை ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுத்து முடிக்கிறார்கள். அந்த வாரத்து அமெரிக்க அரசியலும் செய்தியும்தான் அதில் இருக்கும். அந்தச் செய்தி தெரியாத நம்மூர்ப் பிள்ளைக்கு அதில் மிஞ்சுவது என்ன? கெட்ட பேச்சும் கேலியும் மட்டும்தான்.

இதைவிட மோசம், பிள்ளைகள் முழுப் பகுதியைக்கூடப் பார்ப்பதில்லை. முக்கால்வாசிப் பேர் பார்ப்பது அரை நிமிடத் துண்டு வீடியோ. கார்ட்மேனின் பேச்சு அதில் இருக்கும், அவனுக்கு நடந்தது இருக்காது. அந்தத் துண்டுக்கு வயதுக் குறிப்பும் கிடையாது.

பெயர் வைத்த பையனிடம் கேட்டேன்: "ஜிம்மி அந்தக் கதையில் என்ன செய்வான்?" யோசித்தான். "திக்குவான் மேம்." வேறு? தெரியவில்லை. ஜிம்மி மேடையேறி ஜோக் சொல்கிறவன். அத்தனை பேர் முன்னால் வார்த்தை வரும்வரை நின்று, சொல்லி முடிக்கிறவன். இவனுக்கு அது தெரியாது. போனில் வந்த துண்டுகளை மட்டும் பார்த்திருக்கிறான். கெட்ட பையன் இல்லை. ஜிம்மியைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான்.

எந்த வயதில் காட்டலாம் என்று கேட்பவர்களுக்கு: 13, 14 வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 15, 16 பிள்ளையைப் பொறுத்தது. ஒரு பகுதியைக் கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் "இதில் யாரைக் கிண்டல் செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். வசனத்தைத் திருப்பிச் சொன்னால் இன்னும் நேரம் ஆகவில்லை. பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம், "கார்ட்மேன் பேசறது சரின்னு நினைச்சு சிரிக்கறவங்களையும் சேர்த்துத்தான் மேம் கிண்டல் பண்றாங்க" என்றாள். அவள் பார்க்கட்டும்.

கூட உட்கார்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். உங்களுக்கே கூச்சமாக இருப்பதைப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்ப்பது மட்டும் எப்படிச் சரியாகிறது? முதலில் நீங்கள் மட்டும் ஒரு பகுதியைப் பாருங்கள். 22 நிமிடம்தான்.

பிள்ளைக்குத் தனி புரொஃபைல் போடுங்கள். பூட்டுக்குப் பிறந்த தேதியை நம்பராக வைக்காதீர்கள், எல்லாப் பிள்ளைகளும் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். போனைப் பிடுங்கி பீரோவில் வைக்காதீர்கள். நண்பன் வீட்டில் பார்ப்பான், பிறகு உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டான். பார்த்ததைக் கண்டுபிடித்தால் அடிக்காதீர்கள், தயவுசெய்து. என்ன பார்த்தாய், எதற்குச் சிரித்தாய் என்று கேளுங்கள். வன்புணர்ச்சி, தற்கொலை இரண்டும் வேடிக்கையாக வரும் காட்சிகள் இந்த மாதிரித் தொடர்களில் உண்டு. அவற்றைப் பார்த்த பிள்ளை சிரிக்காமல் அமைதியாகிவிட்டால், அதையும் கவனியுங்கள். சில பிள்ளைகளுக்கு அது சொந்த வலியாக இருக்கும்.

அந்த வகுப்பு ஆசிரியையிடம் பேசினேன். திங்கட்கிழமையிலிருந்து அங்கே எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கித்தான் அட்டெண்டன்ஸ் சொல்கிறார்கள்.