‘முன் மாதவிடாய் மன அழுத்தம்’: மூன்று சொல், இரண்டு கோணல்

ஒரு மருத்துவத் துண்டறிக்கையை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். முதல் வரியே இப்படி: “உங்களுக்கு முன் மாதவிடாய் மன அழுத்தம் உள்ளதா?” பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “முன் மாதவிடாய்னா, போன மாசம் வந்ததா?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள். முன்பணம் என்றால் முன்கூட்டியே தரும் பணம். முன்பதிவு என்றால் முன்கூட்டியே செய்யும் பதிவு. ‘முன்’னைப் பெயருக்கு முன்னால் ஒட்டினால் அந்தப் பொருளே முந்தி வந்துவிடுகிறது. ஆக, ‘முன் மாதவிடாய்’ என்றால் சீக்கிரம் வந்த மாதவிடாய், இல்லாவிட்டால் போன மாதத்து மாதவிடாய். இங்கே பேச்சு இன்னும் வராத மாதவிடாயைப் பற்றி. தமிழில் அதற்கு ‘முன்’ பின்னால்தான் வரும்: மாதவிடாய்க்கு முன், மாதவிடாய்க்கு முந்தைய. இரண்டு எழுத்து கூடுகிறது என்று இதை வெட்டுகிறார்கள்.

இந்த வார்த்தை என் கண்ணில் படுவது இது முதல் தடவையும் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

சொல் வந்த கதையை முதலில் வேகமாகப் பார்த்துவிடலாம். 1931இல் ராபர்ட் ஃபிராங்க் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் மாதவிடாய்க்கு முன் வரும் தொந்தரவுகளுக்கு ‘பிரீமென்ஸ்ட்ருவல் டென்ஷன்’ என்று பெயர் வைத்தார். மென்ஸ்ட்ருவல் என்பதன் வேர் லத்தீனில் மாதத்தைக் குறிக்கும் மென்சிஸ். 1953இல் இங்கிலாந்தில் ரேமண்ட் கிரீனும் கேத்தரினா டால்டனும் அந்தப் பெயரை மாற்றினார்கள். பல தொந்தரவுகளில் டென்ஷனும் ஒன்று, அதை மட்டும் பெயராக வைப்பது சரியில்லை என்பது அவர்கள் வாதம். டென்ஷன் போய் ‘சிண்ட்ரோம்’ வந்தது. அது கிரேக்கச் சொல். சேர்ந்து ஓடுவது என்று பொருள். தலைவலி, வயிற்று உப்புசம், மார்பில் வலி, எரிச்சல், அழுகை, தூக்கக்கேடு எல்லாம் ஒன்றாகக் கிளம்பி ஓடி வருவதால் அந்தப் பெயர். இன்று எல்லோரும் சொல்லும் பி.எம்.எஸ். இதுதான்.

மாதவிடாய் என்ற நம் சொல்லில் எனக்குக் குறை இல்லை. விடாய் என்றால் தாகம், களைப்பு. திருவிழா முடிந்து சாமி களைப்பாறும் விடாயாற்றி என்ற சொல்லில் இருப்பதும் அதே விடாய்தான். மாதவிலக்கு என்பதை நான் எழுதுவதில்லை. தள்ளி இரு என்ற கட்டளை அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பூப்பு மிகப் பழைய சொல், தொல்காப்பியத்திலேயே உண்டு. ஆனால் இன்று அதைச் சொன்னால் முதல்முறை வருவதை மட்டுமே நினைப்பார்கள். சிலர் சுருக்கமாக இருக்கட்டும் என்று ‘விடாய்முன்’ என்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குத் தண்ணீர்ச் செம்புதான் ஞாபகம் வருகிறது. மாதவிடாய் என்று முழுசாகவே சொல்லலாம்.

இனி மன அழுத்தம்.

டென்ஷனுக்கு அழுத்தம் என்று யார் முதலில் எழுதினார்களோ தெரியாது. ஹைப்பர்டென்ஷன் இரத்த அழுத்தமாக ஆனதால், டென்ஷன் எங்கே வந்தாலும் அழுத்தம் என்று போட்டுவிடலாம் என்ற நினைப்பாக இருக்கும். கிரீனும் டால்டனும் 1953இல் வேண்டாம் என்று தள்ளிய சொல்லை நாம் இன்னும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். அதைவிடப் பெரிய வம்பு, மன அழுத்தம் என்ற சொல் ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிறது. ஸ்ட்ரெஸுக்கும் மன அழுத்தம். டிப்ரெஷனுக்கும் பாதிப் பேர் மன அழுத்தம் என்கிறார்கள், மீதிப் பேர் மனச்சோர்வு என்கிறார்கள். பேச்சில் வரும் டென்ஷனுக்கும் அதே. இப்போது நாலாவதாக இது. ஒரே சாவியில் நாலு பூட்டைத் திறக்கப் பார்த்தால் எதுவும் திறக்காது.

சொல் தப்பானால் அறிவுரையும் தப்பாகிறது. ‘மன அழுத்தம்’ என்று கேட்டவுடன் வீட்டில் என்ன சொல்வார்கள்? “எதையும் மனசில் போட்டுக்காதே, வேலையைக் குறைச்சுக்கோ.” ஸ்ட்ரெஸ் என்றால் வெளியே ஒரு காரணம் இருக்கும், காரணம் போனால் அதுவும் குறையும். இதற்குக் காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. கருமுட்டை வெளியான பிறகு தொடங்கி, மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஏறி, இரத்தப்போக்கு தொடங்கிய சில நாளில் இறங்கிவிடுகிறது. அந்தத் தேதிக் கணக்குதான் இதன் அடையாளம். மாதம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் அது வேறு ஏதோ.

மேலே சொன்ன தோழியே இரண்டு மாதம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். மருத்துவர் கேட்பதும் அதைத்தான், குறைந்தது இரண்டு சுழற்சிக்கு, அன்றன்றைக்கு எழுதியது. நினைவிலிருந்து சொல்வது செல்லாது. கட்டம் போட்டு எரிச்சல், அழுகை, தூக்கம், வீக்கம் என்று வரிசை. ஒவ்வொரு இரவும் 1 முதல் 6 வரை ஓர் எண். இருபதாம் நாள் வரை 1, 2 என்று அமைதியாகப் போகிறது. 23இல் 4. 26இல் எரிச்சலுக்கு 6, ஓரத்தில் பொடி எழுத்தில் ‘கதவு சாத்துன சத்தத்துக்கு அழுதேன்’. இரத்தப்போக்கின் மூன்றாம் நாள் எல்லாக் கட்டத்திலும் 1. அடுத்த மாதமும் அச்சு எடுத்தது போல அதே. அந்த நோட்டில் ‘அழுத்தம்’ என்று ஒரு கட்டம்கூட இல்லை.

இவளுடையதைப் போலக் கடுமையாக வருவதற்குத் தனிப்பெயர் உண்டு: பி.எம்.டி.டி., அதாவது பிரீமென்ஸ்ட்ருவல் டிஸ்ஃபோரிக் டிஸார்டர். அதில் நடுவே நிற்கும் சொல் ‘டிஸ்ஃபோரிக்’. 1994 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டின் பின்னிணைப்பில் இந்தப் பெயரில் இருந்தது; 2013இல் முழு நோயாக உள்ளே வந்தது. அதைத் தமிழில் ‘மாதவிடாய்க்கு முந்தைய மனச்சோர்வுக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். மன அழுத்தத்துக்கு இது தேவலாம்தான். ஆனால் இதுவும் தப்பு.

அந்தக் கையேட்டில் அதை மனச்சோர்வு நோய்களின் அத்தியாயத்தில்தானே வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஆமாம், வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே பக்கத்தில் முக்கிய அறிகுறி என்று நாலு சொல்லி, ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறார்கள்: மனநிலை சட்டென்று மாறுவது, எரிச்சல் அல்லது கோபம், சோர்வு, பதற்றம். சோர்வு நாலில் ஒன்று. கோபத்தில் தட்டை விட்டெறிந்தவளிடம் போய் உனக்கு மனச்சோர்வு என்றால் நம்புவாளா? உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியலோ இதை முதலில் இனப்பெருக்க உறுப்பு நோய்களோடு வைத்துவிட்டு, மனச்சோர்வுப் பகுதியிலும் ஒரு சுட்டு கொடுக்கிறது.

மருந்தைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். ஃப்ளூக்செடின், செர்ட்ரலின் போன்றவை மனச்சோர்வுக்கும் தருபவைதான். மனச்சோர்வில் அவை வேலை செய்ய வாரக்கணக்காகும், தினமும் சாப்பிட வேண்டும். இதில் சில நாளிலேயே பலன் தெரியும். பலருக்குக் கருமுட்டை வெளியான நாளிலிருந்து மாதவிடாய் வரை, மாதத்தில் பாதி நாள் சாப்பிட்டால் போதும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் ‘மனச்சோர்வு’ என்று படித்துவிட்டு, எனக்குத்தான் சோர்வே இல்லையே என்று மாத்திரையை வைத்துவிடுபவர்கள் உண்டு.

டிஸ்ஃபோரியாவுக்குக் கிரேக்கத்தில் என்ன பொருள்? தாங்க முடியாதது, பொறுக்க முடியாதது. பாருங்கள், அதற்கு நம்மிடம் சொல் தயாராகவே இருக்கிறது: ஆற்றாமை. ஆற்றுதல் என்றால் பொறுத்தல். ‘அல்லற்பட்டு ஆற்றாது அழுத கண்ணீர்’ என்று குறளில் வருவது அதுதான். அதில் சோர்வு மட்டும் இல்லை. கோபம் உண்டு, தவிப்பு உண்டு, காரணம் சொல்லத் தெரியாத அழுகை உண்டு. அந்த நோட்டின் 26ஆம் நாள் அப்படியே இருக்கிறது.

இதைச் சொன்னதும் தூய தமிழ் பேசும் நண்பர் ஒருவர் சிரித்தார். “தலைவன் பொருள்வயிற் பிரிந்தானா? பசலை படர்ந்ததா?” சரி, சங்கப் பாட்டின் வாசனை அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் “ஆற்றாமையில் கத்திட்டேன்” என்று இன்றும் பேசுகிறோமே. அவர் பதிலுக்குக் கொடுத்தது ‘இன்னலுணர்வுப் பிறழ்வு’. அதை மருத்துவர் சொன்னால் நோயாளிக்கு எழுதிக் காட்ட வேண்டியிருக்கும்.

பி.எம்.எஸ். விஷயத்திலும் அவருக்கும் எனக்கும் தகராறுதான். ‘நோய்க்குறி’ என்கிறார். குறி என்றால் ஒரு அடையாளம். பல சேர்ந்து வருவதுதானே இங்கே விஷயம். ‘நோய்க்குறித்தொகை’ சரிதான், ஆனால் வாய்க்குள் நுழையவில்லை. நான் ‘மாதவிடாய்க்கு முந்தைய உபாதைகள்’ என்று எழுதுகிறேன். உபாதை வடசொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டிக்கும் புரியும், உடம்புக்கும் மனசுக்கும் பொருந்தும், ‘கள்’ சேர்ந்து பன்மையும் வந்துவிடுகிறது. தொல்லைகள் என்று போட்டால் தூய தமிழ்தான். கொசுவுக்கும் அதே சொல் என்பதால் கை வரவில்லை.

அந்தத் துண்டறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: ‘ஹார்மோன் குறைபாட்டால் ஏற்படுகிறது’. இது சொற்பிழை இல்லை, கருத்துப்பிழை. ஹார்மோன் என்ற பெயரை 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் கொடுத்தார். கிளப்பிவிடுவது என்ற கிரேக்க வேர். இயக்குநீர் என்ற தமிழ் நன்றாகவே பொருந்துகிறது, வேண்டுமானால் எழுதலாம். ஆனால் குறைபாடு எங்கே? இந்தப் பெண்களின் இரத்தத்தில் ஹார்மோன் அளவு மற்றவர்களைப் போலவேதான் இருக்கிறது. 1998இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட் குழுவினர் சினைப்பையின் வேலையை மருந்தால் நிறுத்திப் பார்த்தார்கள். பலருக்கு உபாதை போய்விட்டது. பிறகு ஈஸ்ட்ரோஜனோ புரோஜெஸ்டிரோனோ கொடுத்தபோது அவர்களுக்குத் திரும்பி வந்தது. உபாதை இல்லாத பெண்களுக்கு அதே அளவு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. அளவு கூடுவதும் குறைவதும் எல்லோருக்கும் நடப்பதுதான். அதற்கு மூளை காட்டும் பதில்தான் வேறு. இல்லாத குறைபாட்டை நம்பி ஹார்மோன் பரிசோதனைக்குக் காசு கட்டி, ‘எல்லாம் நார்மல்’ என்று தாளை வாங்கிக்கொண்டு, அப்போ எனக்கு ஒன்றுமில்லையோ என்று திரும்புகிறார்கள். டால்டனே புரோஜெஸ்டிரோன் குறைவு என்று நம்பி அதைக் கொடுத்துவந்தார். பிறகு நடந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை.

கருமுட்டை வெளியாவதையே தடுக்கும் சில கருத்தடை மாத்திரைகளும், எண்ணங்களைக் கையாளப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் உண்டு. எது யாருக்கு என்பதை அந்த நோட்டைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அந்த நாட்களில் உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றினால் இரண்டு மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும்.

துண்டறிக்கையைத் திருத்தி, ‘மாதவிடாய்க்கு முந்தைய உபாதைகள்’ என்று போட்டு, ஏன் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்தது. உபாதைகள் அப்படியே இருந்தன. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், வாசகர்களுக்குப் புரிவதற்காக, ‘மன அழுத்தம்’.