6.5 அங்குலத் திரை உண்மையில் எவ்வளவு பெரியது?

கைபேசிப் பெட்டியில் அச்சிடப்படும் ‘6.5 அங்குலம்’ திரையின் அகலமும் அல்ல, உயரமும் அல்ல; ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை உள்ள நீளம், அதாவது மூலைவிட்டம். திரை எவ்வளவு இடம் தருகிறது என்பதை இந்த எண் மட்டும் சொல்லிவிடாது. நீளம் 16 பங்கு, அகலம் 9 பங்கு என்ற பழைய 16:9 விகிதத்தில் 6.5 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 18 சதுர அங்குலம். இப்போது பரவலாக இருக்கும் 20:9 விகிதத்தில் அதே 6.5 அங்குலத்துக்கு 15.8 சதுர அங்குலம்தான் தேறும். எட்டில் ஒரு பங்கு போய்விட்டது, எண் மட்டும் அப்படியே நிற்கிறது.

இதை ஏமாற்று வேலை என்று தள்ளிவிடவும் முடியாது. 16:9 திரையின் அகலம் 8.1 சென்டிமீட்டர், ஒற்றைக் கையில் பிடித்துக் கட்டைவிரலை மறு ஓரம்வரை கொண்டுபோவது பலருக்குச் சிரமம். 20:9 திரையில் அது 6.8 சென்டிமீட்டராகக் குறைகிறது. நீளம் கூடினால் கை அவ்வளவாக முறையிடாது. செய்தியோ உரையாடலோ படிக்கும்போது கூடுதல் வரிகளும் தெரியும்.

விலை கொடுக்க வேண்டியது காணொளியில். இணையக் காணொளிகளில் பெரும்பகுதி இன்னும் 16:9தான். கைபேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் விழும்; படம் திரையின் 80 சதவீதத்தில் அடங்கிவிடும். அந்தப் படத்தின் மூலைவிட்டத்தை மட்டும் அளந்தால் 5.4 அங்குலம்! விரலால் இழுத்துத் திரை முழுக்க நிரப்பலாம். ஆனால் மேலும் கீழுமாகப் படத்தின் ஐந்தில் ஒரு பங்கு வெட்டுப்படும். ஆகவே இரண்டு கைபேசிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது திரையின் அகலத்தை. பெட்டியில் அது இருக்காது என்பது வேறு விஷயம்.

அடுத்தது ரெசல்யூஷன், அதாவது திரையில் படத்தை உருவாக்கும் பிக்சல் என்ற நுண்புள்ளிகளின் எண்ணிக்கை. 6.5 அங்குலத்தில் 1080×2400 பிக்சல் என்றால் ஓர் அங்குலத்துக்கு 405 பிக்சல். இயல்பான பார்வை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்பது வழக்கமான கணக்கு. 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது அங்குலத்துக்கு ஏறத்தாழ 290 பிக்சலுக்குச் சமம். அதற்கு மேல் எதற்கு என்று தோன்றும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: பிக்சல்கள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரைகள் பலவற்றில் ஒவ்வொரு பிக்சலுக்கும் பச்சைப் புள்ளி உண்டு, சிவப்பும் நீலமும் அதில் பாதி எண்ணிக்கைதான். பரப்பில் பாதி என்றால் ஓர் அங்குல நீளத்தில் பாதி ஆகாது, இரண்டின் வர்க்கமூலத்தால் வகுபடும்; 405 என்று சொல்லப்படும் திரையில் சிவப்பின் அடர்த்தி ஏறக்குறைய 286. ஆக, 405 வீண் ஆடம்பரம் அல்ல. 720×1600 திரையில் அதே கணக்கு 191க்கு இறங்கிவிடும்; சிறிய எழுத்துகளின் விளிம்பு பிசிறடிப்பது அங்கேதான்.

1440×3200 திரையைப் பொறுத்தவரை என் தயக்கம் தீரவில்லை. பிக்சல்கள் 1080×2400 திரையைப்போல் 1.78 மடங்கு, நொடிக்கு 120 முறை புதுப்பித்தால் கிராபிக்ஸ் சில்லு நொடிக்கு 55 கோடிப் பிக்சல்களைத் தீட்ட வேண்டும். 2015இல் சோனி 4கே (2160×3840 பிக்சல்) திரையுடன் வெளியிட்ட எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியம்கூடப் பெரும்பாலான வேலைகளை 1080×1920 அளவிலேயே தீட்டிப் பெரிதாக்கிக் காட்டியது. இப்போதும் உயர்ரகக் கைபேசிகள் பலவற்றின் அமைப்புகளில் ரெசல்யூஷனைக் குறைக்கும் வசதி உண்டு. அதனால் சில்லின் சுமைதான் குறையும். திரை உமிழும் ஒளி குறைவதில்லை. பேட்டரி நீடிக்க வேண்டுமானால் வெளிச்சத்தைக் குறைப்பதே கூடுதல் பலன் தரும்.