மூன்று கணக்கு, நாலரை மணி நேரம்

கரும்பலகையில் 1 முதல் 10 வரை எழுதினேன். விதி இதுதான்: ஏதாவது இரண்டு எண்களை அழித்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வரும் வித்தியாசத்தை எழுத வேண்டும். பத்து எண் ஒன்பதாகும், ஒன்பது எட்டாகும், கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும். அது பூஜ்யமாக வர முடியுமா?

மேல்நிலை முதலாண்டு மாணவர்கள். எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கும் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "டீச்சர், இதுக்கு எந்த ஃபார்முலா?" என்றான். ஃபார்முலா எதுவும் இல்லை என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டான். பின்வரிசையில் ஒரு மாணவி எதுவும் கேட்கவில்லை. நோட்டில் எண்களை எழுதி அடித்து, எழுதி அடித்து, இரண்டு பக்கத்தை நிரப்பினாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். "டீச்சர், எப்படிப் போனாலும் ஒற்றைப்படையாத்தான் முடியுது. ஏன்னு தெரியல."

அந்த "ஏன்னு தெரியல"வைக் கேட்கத்தான் நான் இத்தனை வருடமாகக் கணிதப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார் செய்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளே காரணத்தையும் பிடித்துவிட்டாள். பலகையில் உள்ள எல்லா எண்களையும் கூட்டினால் 55. இரண்டு எண்களை அழித்து வித்தியாசத்தை எழுதும்போது, அந்தக் கூட்டுத்தொகை சிறிய எண்ணைப் போல் இருமடங்கு குறைகிறது. குறைவது எப்போதும் இரட்டைப்படை. ஆகவே ஒற்றைப்படையில் தொடங்கிய கூட்டுத்தொகை கடைசி வரை ஒற்றைப்படையாகவே இருக்கும். பூஜ்யம் இரட்டைப்படை. வரவே வராது.

பேனாவை மூடி வைத்த பையனிடம் குறை இல்லை. பத்து வருடப் பள்ளிப் படிப்பு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்: கேள்வியைப் பார், எந்தப் பாடம் என்று கண்டுபிடி, அந்தச் சூத்திரத்தைப் போடு. பள்ளித் தேர்வுக்கு அது போதும். போட்டித் தாளில் வரும் கணக்கோ நீங்கள் இதற்குமுன் பார்த்தே இராதது. பார்த்திராதது என்பதால்தான் அதைக் கொடுக்கிறார்கள்.

பெற்றோர் பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. "என் பையன் கணக்கில் முதல் மார்க், போட்டியில் மட்டும் ஏன் எதுவும் வரவில்லை?" என்று கவலையோடு வருவார்கள். பையனுக்கு எதுவும் ஆகிவிடவில்லை. அவன் முதன்முறையாக வேறொரு விளையாட்டு ஆடியிருக்கிறான், அவ்வளவுதான்.

போட்டிகளின் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். பள்ளி முடிக்கும் மாணவர்களுக்கான கணிதப் போட்டியை ஹங்கேரி 1894-லேயே தொடங்கிவிட்டது. சர்வதேச கணித ஒலிம்பியாட் 1959-ல் ருமேனியாவில், 7 நாடுகளோடு தொடங்கியது. இப்போது 100-க்கும் மேற்பட்ட நாடுகள் வருகின்றன, நாட்டுக்கு 6 மாணவர்கள் வரை. இரண்டு நாள் தேர்வு. ஒவ்வொரு நாளும் 3 கணக்குகள், நாலரை மணி நேரம். ஒரு கணக்குக்கு 7 மதிப்பெண், மொத்தம் 42. கால்குலேட்டர் கூடாது. பல நாடுகளில் முதல் சுற்று கொள்குறி வினாவாகவோ விடையை மட்டும் எழுதும் தாளாகவோ இருக்கும். மேலே போகப் போக, நிரூபணம் எழுதும் தாளாக மாறும்.

பாடப்பகுதியைப் பார்த்தால் மேல்நிலை மாணவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இயற்கணிதம், வடிவியல், முழு எண்களின் பண்புகளைப் பார்க்கும் எண்ணியல், எத்தனை விதமாக அடுக்கலாம், தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணும் சேர்மானவியல் ஆகிய நான்குதான் அடிப்படை. வகையிடலும் தொகையிடலும் வேண்டியதில்லை. அதாவது, பள்ளியில் இந்த இரண்டு வருடமும் எதில் மூழ்கிக் கிடக்கிறார்களோ அது அங்கே அநேகமாகத் தேவைப்படாது. எண்களின் வகுபடும் தன்மை, மீதிகள், முக்கோணங்கள், வட்டங்கள், அசமன்பாடுகள், புறாக்கூண்டுத் தத்துவம் (கூண்டுகளைவிடப் புறாக்கள் அதிகமானால் ஏதோ ஒரு கூண்டில் இரண்டு புறாக்களாவது இருக்கும்), கணிதத் தொகுத்தறிதல் என்று கருவிகள் எளியவை. எங்கே எதை எடுப்பது என்பதில்தான் கஷ்டம் முழுவதும்.

விடைத்தாள் திருத்திய அனுபவத்திலிருந்து ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதிக மதிப்பெண் போவது இங்கேதான். "எல்லா எண்ணுக்கும் இது உண்மை என நிறுவுக" என்று கேள்வி இருக்கும். மாணவர் 1-க்குப் போட்டுப் பார்ப்பார், 2-க்கு, 3-க்கு, பத்து வரை போட்டுப் பார்ப்பார். எல்லாம் சரியாக வரும். கீழே அழகாகக் கோடு போட்டு, "ஆகவே நிறுவப்பட்டது" என்று எழுதிவிடுவார். அந்தப் பக்கத்துக்கு நான் மதிப்பெண் போட முடியாது. போட முடியாத வருத்தத்தோடுதான் அடுத்த தாளை எடுப்பேன்.

என் வகுப்பில் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறேன். n-ஐ அதே n-ஆல் பெருக்கி, அதோடு n-ஐயும் 41-ஐயும் கூட்டச் சொல்வேன். n பூஜ்யம் என்றால் 41. ஒன்று என்றால் 43. பிறகு 47, 53, 61. எல்லாமே பகா எண்கள். மாணவர்கள் ஆளுக்கு ஐந்து எண்ணாகப் பிரித்துக்கொண்டு போவார்கள். 10 வரை பகா எண், 20 வரை பகா எண், 30 வரை, 39 வரையும் பகா எண்தான். 39-க்கு 1601 வரும். வகுப்பு முழுக்க "எப்பவும் பகா எண்தான்" என்று தீர்ப்பு எழுதத் தயாராக இருக்கும். அப்போது 40-ஐப் போடச் சொல்வேன். 1681 வரும். அது 41 பெருக்கல் 41. ஆய்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கோவை, தொடர்ந்து 40 முறை உண்மையாக இருந்துவிட்டு 41-ஆவது முறை கையை விரிக்கிறது. இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் அதன்பின் "பத்து வரை சரியாக வந்தது, ஆகவே நிறுவப்பட்டது" என்று எழுதுவதில்லை.

ஆனால் போட்டுப் பார்ப்பதை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மாணவி இரண்டு பக்கம் போட்டுப் பார்த்ததால்தான் ஒற்றைப்படை என்பது கண்ணில் பட்டது. அது தேடல், ரஃப் தாளில் நடக்க வேண்டியது. விடைத்தாளில் வர வேண்டியது காரணம். நன்றாக யோசித்தும் இந்த இரண்டையும் கலந்து எழுதியதால் ஒன்றிரண்டு மதிப்பெண்ணோடு நின்ற தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திருத்துபவருக்கு உங்கள் மனதில் ஓடியது தெரியாது, தாளில் இருப்பதுதான் தெரியும். "இது தெளிவு", "எளிதில் காணலாம்" என்று எழுதும் இடங்களில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் நிறுத்தி, உண்மையிலேயே தெளிவா என்று உங்களையே கேளுங்கள். கணக்கு முழுதும் முடியாவிட்டாலும், சரியாகக் கிடைத்த பகுதியைக் காரணத்தோடு எழுதி வையுங்கள். அதற்கும் மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு உண்டு.

பூஜ்யம் பற்றியும் பேச வேண்டும். முதல் போட்டிக்குப் போய்ப் பூஜ்யமோ ஒற்றை இலக்க மதிப்பெண்ணோ வாங்கி, "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவு கட்டிக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு தகவல். 2017-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த சர்வதேச ஒலிம்பியாடில் 615 பேர் எழுதினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் நாட்டில் பல சுற்றுகளைத் தாண்டி வந்தவர். அந்த வருடத்தின் மூன்றாவது கணக்கில் 600-க்கும் மேற்பட்டோர் வாங்கியது பூஜ்யம். முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 2 பேர். அதே போட்டியில் பதக்கம் கிடைக்காவிட்டாலும், ஒரே ஒரு கணக்கை முழுமையாகத் தீர்த்தவருக்குச் சிறப்புப் பாராட்டு உண்டு. ஆறில் ஒரு கணக்கு! அதைப் பாராட்டத் தக்க வேலை என்று அந்தத் துறையே மதிக்கிறது. வீட்டில் நாமும் அப்படி மதிக்கலாமே.

மறுபக்கமும் உண்டு. ஈரானின் மரியம் மிர்ஸாகானி 1994-லும் 1995-லும் ஒலிம்பியாடில் தங்கம் வாங்கினார். இரண்டாவது முறை 42-க்கு 42. கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-ல் பெற்றார்; அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 2022-ல் அதே பதக்கத்தைப் பெற்ற ஜூன் ஹூ, கவிஞராக வேண்டும் என்று பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். இரண்டு வழியாகவும் கணிதத்துக்குள் போகலாம். போட்டியில் வெல்லாத பிள்ளை கணிதத்துக்கு ஆகாத பிள்ளை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பயிற்சி எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு, முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கக் காலத்தில் மாணவர் ஐந்து நிமிடம் தடுமாறினாலே மனம் பொறுக்காது. "முக்கோணத்தின் அந்தப் பக்கத்தைப் பார்", "மூன்றால் வகுத்து மீதியைப் பார்" என்று குறிப்புக் கொடுத்துவிடுவேன். வகுப்பில் எல்லாக் கணக்கும் தீர்ந்தது. போட்டி நாளன்று ஒன்றும் தீரவில்லை. திரும்பி வந்த ஒரு மாணவன், "டீச்சர், நீங்க பக்கத்துல இருந்திருந்தா வந்திருக்கும்" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தடுமாறும் நேரத்தை நான் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதிலிருந்து வழக்கத்தை மாற்றினேன். வாரத்துக்கு மூன்று நான்கு கணக்குகள் போதும். ஒரு கணக்கோடு குறைந்தது ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், வராவிட்டால் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் முட்டிய பிறகே விடையைப் பார்க்கலாம். பார்க்கும்போதும் முதல் இரண்டு வரியோடு மூடிவிட்டு மீண்டும் முயல வேண்டும். முழு விடையையும் படித்தால், அதை மூடி வைத்துவிட்டுச் சொந்த வார்த்தைகளில் முதலிலிருந்து எழுத வேண்டும். எழுதியதை ஒரு நண்பரிடம் கொடுத்து, "எங்கே நம்ப முடியவில்லை, சொல்" என்று கேட்கச் சொல்வேன். நண்பர் கேட்கும் கேள்விகள் பல சமயம் என் கேள்விகளைவிடக் கூர்மையாக இருக்கும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சர்வதேச ஒலிம்பியாடின் எல்லா ஆண்டுக் கேள்விகளும் அதன் தளத்திலேயே இருக்கின்றன. ஆனால் அங்கே தொடங்காதீர்கள். உங்கள் நாட்டு முதல் சுற்றின் பழைய தாள்களில் தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "ஒலிம்பியாட்" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்கிறார்கள். கட்டணம் கட்டிய எல்லோருக்கும் பதக்கம், சான்றிதழ், தரவரிசை என்று ஆசை காட்டும் தேர்வுகள் ஏராளம். பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். கேள்விகளைத் தயாரிப்பது யார்? பழைய தாள்களும் தீர்வுகளும் வெளிப்படையாகக் கிடைக்கின்றனவா? இதில் தேறினால் அடுத்த சுற்று ஏதாவது உண்டா? தேசிய அணியைத் தேர்வு செய்யும் அதிகாரபூர்வ வழி இதுதானா? நேரான பதில் வராவிட்டால், அந்தப் பணத்தில் நல்ல கணக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள்.

பள்ளி இறுதித் தேர்வு கெட்டுவிடுமே என்பது நியாயமான பயம். மேல்நிலை இரண்டாம் ஆண்டில் புதிதாகத் தொடங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. முதலாண்டிலேயே, முடிந்தால் அதற்கும் முன்பே தொடங்குவது நல்லது. தேர்வு மாதங்களில் இதை ஓரமாக வைத்துவிடலாம், எங்கும் ஓடிவிடாது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. பள்ளிக்குள் நடக்கும் சுற்றில் மாணவிகள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். வெளியூர் சுற்று, பயிற்சி முகாம் என்று வரும்போது அந்த எண்ணிக்கை சரிந்துவிடுகிறது. "தனியாக எப்படி அனுப்புவது" என்ற கேள்வி அவர்களுக்கு மட்டும் வருகிறது. மாணவிகளுக்கென்றே ஐரோப்பாவில் 2012-ல் தனி ஒலிம்பியாட் தொடங்கினார்கள் என்றால், இந்தச் சரிவு எங்கோ ஓரிடத்தில் மட்டும் நடப்பதில்லை என்று தெரிகிறது. ஆசிரியர்களே, பெயர்ப் பட்டியலை அனுப்பும் முன் அந்த வீடுகளுக்கு ஒருமுறை நீங்களே பேசுங்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்புங்கள். நான் பேசிய வீடுகளில் பாதிக்கு மேல் சம்மதித்திருக்கிறார்கள்.

போட்டி நாளன்று எல்லாக் கணக்கையும் முதலில் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பொதுவாக முதல் கணக்கு எளிது, கடைசி கடினம். ஆனால் உங்களுக்கு எது எளிது என்பது படித்தால்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவர் வேகமாக எழுதுவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

இன்று ராத்திரியே தொடங்க விரும்புபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு அறையில் 6 பேர் இருக்கிறார்கள். எந்த இருவரை எடுத்தாலும் ஒன்று ஒருவரையொருவர் அறிந்தவர்கள், அல்லது அறியாதவர்கள். அந்த ஆறு பேரில், ஒருவரையொருவர் அறிந்த மூவரோ, ஒருவரையொருவர் அறியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள் என்று நிறுவுங்கள். பிறகு, அறையில் 5 பேர் மட்டும் இருந்தால் இது உண்மையா என்று பாருங்கள். ஆறு புள்ளிகள் வைத்து, அறிந்தவர்களுக்கு ஒரு நிறக் கோடு, அறியாதவர்களுக்கு வேறு நிறக் கோடு போட்டுத் தொடங்கலாம். இதற்கு மேல் நான் குறிப்புத் தர மாட்டேன்.